தெரியாமல் எடுத்தால் அது திருட்டா?

ஈப்போவில் இளையோர் முகாம் முடிந்து வேனில் கோலாலம்பூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பன்னிரண்டு பேர், இரண்டு மிருதங்கம், ஒரு ஹார்மோனியம், மீந்துபோன பிரசாதப் பொட்டலங்கள். தாப்பா ஓய்விடத்தில் தே தாரிக் குடித்துவிட்டுக் கிளம்பியதும் முன் சீட்டில் இருந்த அண்ணன் தன் கைப்பேசியில் ஒரு பழைய ஆங்கிலப் பாட்டைப் போட்டார். ஜார்ஜ் ஹாரிசனின் 'மை ஸ்வீட் லார்ட்'. முதலில் யாரும் கவனிக்கவில்லை. பாதிக்கு மேல் பின்னணிக் குரல்கள் 'ஹரே கிருஷ்ணா' என்று பாட ஆரம்பித்ததும் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்தார்கள். அதற்கும் பிறகு, நாம் எல்லாரும் சமய வகுப்பில் மனப்பாடம் செய்த குரு சுலோகம் வரும். "டேய், வெள்ளைக்காரன் நம்ம சுலோகத்தைப் பாடுறான்டா!" என்று வேனே கலகலத்தது.

சட்டம் படிக்கும் ஒரு தோழி உடனே குண்டு போட்டாள். "அது காப்பியடிச்ச பாட்டு, தெரியுமா? கோர்ட்டே சொல்லிடுச்சு."

அவ்வளவுதான். தஞ்சோங் மாலிம் வரைக்கும் சண்டை. "சாமி பாட்டுக்கு ஏதுடா காப்பிரைட்?" என்றான் ஒருவன். "தெரியாம செஞ்சாருன்னு ஜட்ஜே சொன்னாராம், அப்புறம் எப்படித் தப்பாகும்?" என்றான் இன்னொருவன். "தெரியாம எடுத்தாலும் எடுத்தது எடுத்ததுதானே" என்றாள் அவள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த வழக்கைப் பார்த்துவிடலாம், ஏன்னா ராக், பாப் இசை வரலாற்றில் நடந்த எத்தனையோ சம்பவங்களில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இது ஒன்றுதான்.

1969 டிசம்பர். பீட்டில்ஸ் குழு உடையும் நிலையில் இருந்த நேரம். ஹாரிசன் நண்பர்களின் இசைக்குழுவோடு ஐரோப்பாவில் சுற்றிக்கொண்டிருந்தார். கோபன்ஹேகன் நகரில் ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு. அதிலிருந்து நழுவி, தனியாகப் போய், கிட்டாரை எடுத்து இரண்டு மூன்று கார்டுகளை மாற்றி மாற்றி மீட்டிக்கொண்டே 'ஹாலேலூயா', 'ஹரே கிருஷ்ணா' என்று மேலே பாட ஆரம்பித்தார். எட்வின் ஹாக்கின்ஸ் குழுவினர் பாடிப் புகழ்பெற்றிருந்த 'ஓ ஹேப்பி டே' என்ற தேவாலயப் பாட்டுதான் தனக்குத் தூண்டுதல் என்று பின்னர் சொன்னார். ஒரே நாளில் உட்கார்ந்து எழுதிய பாட்டு இல்லை இது. பில்லி பிரெஸ்டன் முதலான நண்பர்கள் கூடி வாசிக்க வாசிக்க, கொஞ்சம் கொஞ்சமாக உருவான பாட்டு. பிரெஸ்டன்தான் முதலில் தன் ஆல்பத்தில் அதைப் பாடினார். 1970 நவம்பரில் ஹாரிசனின் சொந்தக் குரலில், 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' என்ற மூன்று இசைத்தட்டு ஆல்பத்தில் வந்தது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் முதலிடம். பீட்டில்ஸ் நால்வரில் தனியாகப் பாடி முதலிடம் பிடித்தது அவர்தான் முதல்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நம் சாமியை வெறும் ஃபேஷனுக்காகத் தொட்ட ஆள் இல்லை அவர். 1966-இலிருந்து ரவிசங்கரிடம் சித்தார் கற்றவர், 1968-இல் ரிஷிகேஷ் போனவர், 1969-இல் லண்டன் ராதா கிருஷ்ணா கோயில் பக்தர்கள் பாடிய மகாமந்திரத்தை இசைத்தட்டாகத் தயாரித்துக் கொடுத்தவர். பக்தியில் பொய் இல்லை. கேள்வியே அங்கிருந்துதான் கடினமாகிறது.

1971 பிப்ரவரியில் வழக்கு வந்தது. 1963-இல் நியூயார்க்கைச் சேர்ந்த 'தி ஷிஃபான்ஸ்' என்ற பெண்கள் குழு பாடிய 'ஹி இஸ் சோ ஃபைன்' என்ற பாட்டின் மெட்டும் இதுவும் ஒன்றே என்பது குற்றச்சாட்டு. அது ஒரு பொண்ணு ஒரு பையனைப் பார்த்து மயங்கிப் பாடும் பாட்டு. வாரக்கணக்கில் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது. எழுதியவர் ரொனால்ட் மாக் என்ற கறுப்பின இளைஞர். பாட்டு வெற்றி பெற்ற அதே ஆண்டில், இருபதுகளின் தொடக்கத்தில், நோயில் இறந்துபோனார். நம்ம வயசு. வழக்குப் போட்டது அவர் இல்லை, உரிமையை வைத்திருந்த 'பிரைட் டியூன்ஸ்' நிறுவனம்.

1976-இல் நியூயார்க்கில் விசாரணை. நீதிபதி ரிச்சர்ட் ஓவன், அவரே ஆப்பரா இசையமைப்பாளர். அதனால் தீர்ப்பில் இசை வகுப்பே நடத்தியிருக்கிறார். நம் ஸ்வரத்தில் சொன்னால் இப்படி: பாட்டில் இரண்டு துண்டுகள். முதல் துண்டு ப-க-ரி. இரண்டாவது துண்டு ப-த-ஸ-த-ஸ, கடைசியில் வருவதெல்லாம் மேல் ஸட்ஜம். பழைய பாட்டில் முதல் துண்டு நான்கு தடவை, அடுத்து இரண்டாவது துண்டு நான்கு தடவை. ஹாரிசன் பாட்டில் முதல் துண்டு நான்கு தடவை, இரண்டாவது மூன்று தடவை, நான்காவதுக்குப் பதிலாக வேறொரு இணைப்பு. இதில் ஒரு சின்ன விஷயம்: இரண்டாவது துண்டு இரண்டாம் முறை வரும்போது மேல் ரிஷபம் ஒன்று கொசுறாக ஒட்டிக்கொண்டு ப-த-ஸ-த-ரி-ஸ என்று வரும். அந்தக் கொசுறும் இரண்டு பாட்டிலும் ஒரே இடத்தில். ஹார்மோனியம் இருந்தால் வாசித்துப் பாருங்க. எனக்கு முதுகு சில்லென்று ஆனது.

கர்நாடக சங்கீதம் கற்றவர்கள் இப்பவே கையைத் தூக்குவீங்க. ஸ, ரி, க, ப, த. இது மோகனத்தின் ஸ்வரங்கள் ஆச்சே, மோகனத்தை யார் சொந்தம் கொண்டாட முடியும்? உண்மைதான். மோகனம் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் மோகனத்தில் நாம் கற்கும் 'நின்னுகோரி' வர்ணம் பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்காருடையது. அதைச் சொல்லித்தான் டீச்சர் ஆரம்பிப்பார். செங்கல் எல்லாருக்கும் பொது, வீடு பொது இல்லை. கோர்ட்டில் நிபுணர்கள் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். அந்தத் துண்டுகள் தனித்தனியாக எங்கேயும் கிடைக்கும், இந்த வரிசையில் இத்தனை தடவை சேர்ந்து வருவதுதான் அபூர்வம்.

ஹாரிசன் கிட்டாரோடு சாட்சிக் கூண்டில் உட்கார்ந்து பாட்டு எப்படிப் பிறந்தது என்று வாசித்துக் காட்டினார். இரண்டு பாட்டும் பெருமளவு ஒத்திருக்கின்றன என்று அவரே ஒப்புக்கொண்டார். பழைய பாட்டைக் கேட்டதே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1963 ஜூனில் அது இங்கிலாந்து வரிசையில் மேலே வந்துகொண்டிருந்தபோது முதலிடத்தில் இருந்ததே ஒரு பீட்டில்ஸ் பாட்டுதான். தன் பாட்டு எத்தனையாவது இடம் என்று பார்க்கிற இருபது வயதுப் பையனின் கண்ணில் பத்தாவது பன்னிரண்டாவது பாட்டு படாமலா போகும்?

தீர்ப்பு இதுதான்: ஹாரிசன் வேண்டுமென்று திருடவில்லை என்று நீதிபதி நம்பினார். அவருடைய ஆழ்மனம் நினைவில் வைத்திருந்த மெட்டை, மேல்மனம் தன் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டது. ஆனாலும் சட்டப்படி அது மீறல்தான், தெரியாமல் நடந்ததால் குறைந்துவிடாது. அமெரிக்கச் சட்டத்துக்கு இது புதிதும் இல்லை. 1924-இலேயே ஜெரோம் கெர்ன் என்ற பெரிய இசையமைப்பாளர் இதே மாதிரி மாட்டியிருக்கிறார். அவருக்கு 250 டாலரோடு போயிற்று. ஹாரிசனுக்கு வந்த கணக்கு 16 லட்சம் டாலரைத் தொட்டது: 15,99,987. அந்தக் கணக்குப் போட்ட விதமும் சுவாரசியம். பாட்டின் வெற்றியில் முக்கால் பங்கு மெட்டுக்கு, மீதி கால் பங்குதான் வரிகளுக்கும் ஹாரிசனின் புகழுக்கும். அதாவது கிருஷ்ணருக்கும் பீட்டில்ஸுக்கும் சேர்த்தே இருபத்தைந்து சதவீதம்!

சரி, நம் கேள்விக்கு வருவோம். தெரியாமல் எடுத்தால் அது திருட்டா?

கோயில் வாசலை நினைத்துப் பாருங்க. தைப்பூச நெரிசலில் கறுப்புச் செருப்பு ஆயிரம் கிடக்கிறது. உங்களுடையது என்று நினைத்து ஒன்றை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டீர்கள். நீங்கள் திருடரா? இல்லை. யாரும் உங்களைத் திருடன் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தச் செருப்பு உங்களுடையதா? அதுவும் இல்லை. எங்கேயோ ஒருவர் அந்த வெயிலில் வெறுங்காலோடு தார் ரோட்டில் நடந்து போயிருக்கிறார். உங்கள் மனசு சுத்தமாக இருப்பதால் அவர் கால் சுடாமல் இருக்கப்போவதில்லை. வேனில் நடந்த சண்டையில் இரண்டு பக்கமும் தவறவிட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். 'அவர் கெட்டவரா' என்பது ஒரு கேள்வி. 'இது யாருடையது' என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த நல்ல பதிலை இரண்டாவது கேள்விக்கும் கொடுத்துத் தப்பிக்கப் பார்க்கிறோம்.

பாகவதத்தில் நிருகன் என்று ஒரு ராஜா வருகிறான். பத்தாம் ஸ்கந்தம். சமய வகுப்பில் கேட்டிருப்பீங்க. மணலை எண்ணினாலும் நட்சத்திரத்தை எண்ணினாலும் அவன் தானம் கொடுத்த பசுக்களை எண்ண முடியாது என்று சொல்லுமளவுக்குக் கொடுத்தவன். ஒரு நாள், ஏற்கெனவே ஒரு பிராமணருக்குக் கொடுத்த பசு வழி தவறித் திரும்பி வந்து அரசனின் மந்தையில் கலந்துவிட்டது. அது தெரியாமல் அதையே வேறொருவருக்குத் தானம் செய்துவிட்டான். முதல்வர் வழியில் தன் பசுவைப் பார்த்து, "இது என்னுடையது" என்றார். "ராஜா எனக்குக் கொடுத்தார்" என்றார் இரண்டாமவர். இருவரும் அரண்மனைக்கு வந்தார்கள். ராஜா பதறிப்போய், இந்த ஒரு பசுவுக்குப் பதிலாக ஒரு லட்சம் நல்ல பசுக்கள் தருகிறேன் என்று இருவரிடமும் கெஞ்சினான். இருவருமே வேண்டாம் என்று போய்விட்டார்கள். செத்தபிறகு எமன் கேட்டான்: முதலில் பாவத்தின் பலனா, புண்ணியத்தின் பலனா? பாவத்தையே முதலில் முடித்துவிடுகிறேன் என்றான் நிருகன். ஓணானாக ஒரு பாழுங்கிணற்றில் விழுந்தான். எத்தனையோ காலம் கழித்து கிருஷ்ணர் வந்து கையால் தொட்டுத் தூக்கினார்.

பத்து வயதில் இந்தக் கதையைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. டீச்சரிடமே கேட்டேன், "அவருக்குத் தெரியாதே டீச்சர், அப்புறம் ஏன் ஓணான்?" அவர் என்ன சொன்னார் என்று ஞாபகமில்லை. இப்போது யோசித்தால் கதையில் எனக்கு வேறொன்று தெரிகிறது. இது என் வாசிப்புதான், தப்பாக இருந்தால் பெரியவர்கள் திருத்தலாம். எண்ண முடியாத அளவுக்குக் கொடுத்தவன் என்பதுதான் அவன் பெருமை. அவன் சறுக்கியதும் அந்த எண்ணாததிலேதான். ஒரே ஒரு பசு வைத்திருக்கிற வீட்டில் இன்னொரு பசு வந்து நின்றால் உடனே தெரிந்துவிடும். ஆயிரமாயிரம் இருக்கிற மந்தையில் யாருக்குத் தெரியும்? 'தெரியாது' என்பது வானத்திலிருந்து விழவில்லை. மந்தை பெருகப் பெருக அதுவும் கூடவே வளர்ந்தது. அவன் கொடுத்தது புண்ணிய காரியத்துக்குத்தான், அதுவும் அவனைக் காப்பாற்றவில்லை. 'சாமி பாட்டுக்கு ஏது காப்பிரைட்' என்று கேட்ட தம்பிக்கு வேனில் சொல்லாமல் விட்ட பதில் இது.

ஹாரிசனும் ஒரு பெரிய மந்தைக்காரர்தான். பத்து வருஷமாக உலகத்துப் பாட்டெல்லாம் காதில் விழுந்துகொண்டே இருக்கிற ஆள். அதில் மாக் என்ற பையனின் பசு ஒன்று கலந்திருந்தால் எப்படித் தெரியும்?

தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது என்பதுதான் எனக்கு இடிக்கிறது. அதே பீட்டில்ஸில் பால் மெக்கார்ட்னி ஒரு நாள் காலையில் தூங்கி எழும்போது ஒரு முழு மெட்டும் தலையில் இருந்தது. கட்டில் பக்கத்தில் இருந்த பியானோவில் வாசித்தார். அவருக்கே சந்தேகம்: இவ்வளவு சுலபமாக வந்துவிட்டதே, இது வேறு யாருடையதோ, அப்பா காலத்துப் பாட்டோ? வாரக்கணக்கில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் வாசித்துக் காட்டி, இதைக் கேட்டிருக்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கண்டெடுத்த பொருளைப் போலீஸில் கொடுத்துவிட்டு, யாரும் கேட்டு வராவிட்டால் எடுத்துக்கொள்வது மாதிரி என்று பின்னால் சொன்னார். வரிகூட இல்லாமல், முட்டைப் பொரியலைப் பற்றி ஏதோ ஒரு தற்காலிக வரியைப் போட்டுப் பாடித் திரிந்தார். யாரும் உரிமை கோரி வரவில்லை. 1965-இல் அது 'யெஸ்டர்டே' ஆனது.

ஹாரிசனுக்கு நியாயம் செய்வதென்றால் இதையும் சொல்ல வேண்டும். கனவில் முழுதாக வந்த பாட்டுக்குச் சந்தேகம் வருவது இயல்பு. நண்பர்களோடு வாசித்து வாசித்துப் பிறந்த பாட்டுக்கு, எந்த நிமிஷத்தில் நின்று கேட்பது? ஆனால் அந்த ஆல்பத்தை அவரோடு சேர்ந்து தயாரித்தவர் பில் ஸ்பெக்டர், அறுபதுகளின் பெண்கள் குழுப் பாட்டுகளாலேயே பெயர் வாங்கியவர். ஸ்டூடியோ நிறைய அமெரிக்க, இங்கிலாந்து இசைக்கலைஞர்கள். இந்த மெட்டை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே என்று சொல்லத் தகுதி இருந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பெரிய ஆள் ஒருவர் கண்ணை மூடி உருகிப் பாடிக்கொண்டிருக்கும்போது, நடுவில் கையைத் தூக்கி அதைச் சொல்வது லேசா? எந்தப் பஜனைக் குழுவிலாவது இருந்தவர்களுக்கு இது புரியும்.

வழக்கின் மறுபக்கமும் சுத்தம் என்று நினைத்துவிடாதீங்க. ஆலன் க்ளைன் என்பவர் ஹாரிசனின் மேனேஜராக இருந்தார். வழக்கு வந்த புதிதில் ஹாரிசன் சார்பாகப் பேச்சு நடத்தியவரே அவர்தான். 1973-இல் ஹாரிசனை விட்டுப் பிரிந்தபிறகு, அந்தப் பாட்டு எவ்வளவு சம்பாதிக்கிறது என்ற உள் தகவலை எதிர்த்தரப்புக்குக் கொடுத்தார். 1978-இல் 5,87,000 டாலர் கொடுத்துப் பழைய பாட்டின் உரிமையையே வாங்கி, தன் முன்னாள் முதலாளிக்கு எதிராகத் தானே வழக்காடினார். நீதிபதிக்கே பொறுக்கவில்லை. நீ கொடுத்த 5,87,000 டாலரை மட்டும் வாங்கிக்கொண்டு உரிமையை ஹாரிசனிடம் கொடு என்று 1981-இல் தீர்ப்பளித்தார். வழக்கின் வால் 1990கள் வரைக்கும் ஆடியது. இன்னொன்று. வழக்குப் போட்ட பிரைட் டியூன்ஸ் யாருடையது? 'தி டோக்கன்ஸ்' என்ற பாடகர் குழுவினருடையது. அவர்களுக்குப் பேர் வாங்கித் தந்த சிங்கப் பாட்டு, தென்னாப்பிரிக்காவின் சாலமன் லிண்டா 1939-இல் பாடிய 'ம்பூபே'யிலிருந்து வந்தது. லிண்டா அதற்கு வாங்கியது பத்து ஷில்லிங். 1962-இல் ஏழையாகவே செத்தார். இதையெல்லாம் படிக்கும்போது தலை சுற்றுகிறது. ஆனாலும் தெரியாமல் எடுத்த ஹாரிசனையும் தெரிந்தே முதுகில் குத்திய க்ளைனையும் நீதிபதி ஒரே தராசில் நிறுத்தவில்லை. இரண்டு பேருமே தரவேண்டியதைத் தரவேண்டும். ஆனால் ஒருவர் கடன்காரர், மற்றவர் துரோகி. அந்த வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் பட்டது.

ஏன் முக்கியம் என்றால், நான் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

போன நவராத்திரிக்கு எங்கள் பல்கலைக்கழக மாணவர் சங்கத்தில் நான் ஒரு முருகன் நாமாவளிக்கு மெட்டுப் போட்டேன். மூன்றாம் ஆண்டு இயந்திரவியல், கையில் ஹார்மோனியம், வேறென்ன தகுதி வேண்டும்? நல்ல வரவேற்பு. கண்ணை மூடித் தலையாட்டினார்கள். திரையில் 'இசை' என்று என் பெயர். யாரோ காணொளி எடுத்து ஏற்ற, புலனக் குழுக்களில் சுற்றி, இன்னும் இரண்டு கல்லூரிகளில் பாட ஆரம்பித்தார்கள். ஈப்போ முகாமின் பாட்டுப் புத்தகத்திலும் அச்சாகிவிட்டது, என் பெயரோடு.

முகாமுக்கு மூன்று வாரம் முன்னால் கைப்பேசியில் இடமில்லை என்று பழைய பதிவுகளை அழித்துக்கொண்டிருந்தேன். அதில் நவராத்திரிக்கு ஆறு மாதம் முந்தைய பயிற்சிப் பதிவு ஒன்று. மிருதங்கம் சுருதி சேர்க்கிற சத்தம், நாற்காலி இழுக்கிற சத்தம், பின்னால் முதலாம் ஆண்டுத் தங்கச்சி ஒருத்தி தனக்குத்தானே முனகுகிறாள். என் மெட்டு. இல்லை, அவள் மெட்டு. நாற்பது விநாடி. அதிலேயே என் குரலும் இருக்கிறது: "நல்லா இருக்கே, என்ன பாட்டு அது?" அவள் சிரித்துக்கொண்டே, "சும்மாதான் அண்ணே."

மெக்கார்ட்னி மாதிரி நானும் கேட்டிருக்கிறேன்! கேட்டு, பதிலும் வாங்கி, சுத்தமாக மறந்தும் போயிருக்கிறேன். நவராத்திரிக்கு ஹார்மோனியத்தில் அது வந்தபோது, சத்தியமாக என் விரலிலிருந்துதான் வருகிறது என்று நினைத்தேன். அதனால் ஹாரிசன் பொய் சொல்லியிருப்பார் என்று யார் சொன்னாலும் நான் நம்பத் தயாரில்லை. ஜான் லென்னனே அவருக்குத் தெரிந்துதான் இருக்கும் என்ற தொனியில் பேசியிருக்கிறார். மனசு அப்படி வேலை செய்யும் என்பதற்கு என் கைப்பேசியில் நாற்பது விநாடி சாட்சி இருக்கிறது.

ஆனால் நவராத்திரியிலிருந்து அந்தப் பதிவைக் கேட்ட நாள் வரைக்கும்தான் 'தெரியாமல்'. கேட்டபிறகு மூன்று வாரம் நான் யாரிடமும் சொல்லவில்லை. சரணத்தை நான்தானே போட்டேன் என்று சொல்லிக்கொண்டேன். அவளே ஒன்றும் கேட்கவில்லையே. பஜனைதானே, விற்கிற பொருளா என்ன. புத்தகம் வேறு அச்சுக்குப் போய்விட்டது. இத்தனை சமாதானம் தேடுகிற மனசை 'தெரியாத மனசு' என்று எந்த நீதிபதியும் சொல்ல மாட்டார். செருப்பு மாறிவிட்டது என்று தெரிந்தபிறகும் மூன்று வாரம் போட்டுக்கொண்டு நடந்தேன். முகாமில் எண்பது பேர் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அவளும் பாடினாள், கோரஸில், மூன்றாவது வரிசையில்.

அந்த வேனிலும் அவள் இருந்தாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சண்டையைக் கேட்டுக்கொண்டு வந்தாள். என் மௌனத்துக்குக் காரணம் அதுதான்.

கோலாலம்பூர் வந்து சாமான்களை இறக்கும்போது ஹார்மோனியத்தின் ஒரு பக்கத்தை அவள் பிடித்தாள். மாடிப்படியில் வைத்துச் சொன்னேன். பதிவையும் போட்டுக் காட்டினேன். முழுதாகக் கேட்டாள்.

"தெரியும் அண்ணே. மொத நாள் பிராக்டிஸ்லயே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"எல்லாரும் நல்லாருக்குன்னு சொன்னாங்க. நீங்க வேற சீனியர். நான் வந்து ஒரு வருஷம்கூட ஆகல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "சாமி பாட்டுதானே அண்ணே, விடுங்க" என்றாள்.

வேனில் கேட்ட அதே வாதம். அவள் சொல்லும்போது அது பெருந்தன்மை. அதையே மூன்று வாரமாக நான் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தபோது அது வேறு. அந்த வார்த்தையைச் சொல்லும் உரிமை அவளுக்கு மட்டும்தான் இருந்தது.

விடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் எல்லார் முன்னாலும் சொன்னேன். காது சூடாகிவிட்டது. ஒருவன் சிரித்தான், மற்றவர்கள் அவளைப் பாடச் சொன்னார்கள். அவள் போட்ட மெட்டில் நான் தவறவிட்ட ஓர் இடம் இருக்கிறது: இரண்டாவது வரி முடியும்போது காந்தாரத்தில் கொஞ்சம் நின்று இறங்கும். என் காது அதை மறந்துவிட்டு நேராக இறக்கிவிட்டது. அவளுடையதுதான் நன்றாக இருக்கிறது. இப்போது அப்படித்தான் பாடுகிறோம். புத்தகத்தில் ஒட்டுவதற்குச் சின்னத் தாள் அச்சடித்து, இரண்டு கல்லூரிக்கும் அனுப்பினோம். ஒரு கல்லூரி ஒட்டிப் படம் எடுத்து அனுப்பியது. இன்னொன்றிலிருந்து கட்டைவிரல் படம் மட்டும் வந்திருக்கிறது.

காணொளியில் இன்னும் என் பெயர்தான். அதை ஏற்றிய அண்ணன் படிப்பு முடிந்து ஜொகூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டார், சங்கத்தின் அந்தக் கணக்குக்கு யாரிடமும் கடவுச்சொல் இல்லை. எண் மாற்றிவிட்டாராம். அவருடைய புதிய எண் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து எங்கள் செயலாளரிடம் கொடுங்க.